தையல்

தம்பெரேயில், பழைய நூற்பாலையின் நிலவறையில்
என் ஒலிப்பதிவுக்கூடம்.
சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு இறங்குவதால்
இங்கே பதிவாகும் எதன் அடியிலும்
கொஞ்சம் தண்ணீர் இருக்கும்.

அக்டோபரில் இல்போ வாசித்தான்.
பகலில் டயர் மாற்றுகிறவன்,
பனிக்கால டயர்களுக்கு வரிசை நிற்கும் மாதம் அது,
விரலிடுக்கில் கரியோடு வந்து உட்கார்ந்தான்.
அவன் இடக்கை ஸ்னேரில் விழும்போது
குச்சியின் முனை தோலிலும்
கழுத்து இரும்பு விளிம்பிலும்
ஒரே கணத்தில் படும்.
வெடி என்று சொல்லலாம்,
ஆனால் வெடிக்குச் சுருதி கிடையாது.
இது உறைந்த ஏரியில் முதல் விரிசல் ஓடுகிற சத்தம்,
கேட்டவுடன் ஆழம் தெரிந்துவிடும்.
என் ஊசிகள் சிவப்பில் போய் முட்டின.
மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.
இன்னும் ஒரு சாண்.
அவன் கொட்டாவி விட்டான்.

நவம்பரில் பேருந்தைப் பிடிக்க ஓடி
பனிக்கட்டியில் விழுந்தான். இடது மணிக்கட்டு.
ஒரு தகடு, ஆறு திருகாணி, பதினொரு தையல்.
பாட்டு இரண்டாம் சரணத்தின் நடுவில் நின்றது.

காத்திருந்தோம் என்று சொன்னால் பொய்.
டிசம்பரில் ஹெல்சிங்கியிலிருந்து தோர்ஸ்தியைக் கூப்பிட்டோம்.
ஆறரை அடி உயரம். தோளிலிருந்து இறக்கினான்.
அதே ஸ்னேர், அதே தோல், அதே மைக்,
தரையில் நான் ஒட்டிய மஞ்சள் நாடா மேலேயே நாற்காலி.
இரண்டு குச்சிகள் முறிந்தன.
பதிவைப் போட்டுக் கேட்டால்
யாரோ அட்டைப்பெட்டியை உதைக்கிறார்கள்.
அவன் அடியைத் தோலுக்குள் புதைத்து
அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தான்.
இல்போ என்றால்
சௌனா அடுப்பில் பட்ட விரல் மாதிரி
தொட்டதும் எடுத்துவிடுவான்,
மிச்சத்தை டிரம்மே பார்த்துக்கொள்ளும்.
‘பலம் என்பது விடுவதில்’ என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
நாட்காட்டி வாசகம் போலிருந்தது.
அடித்துவிட்டேன்.

தோர்ஸ்தி நல்லவன். பாதிப் பணம்தான் வாங்கிக்கொண்டான்.

மார்ச்சில் இல்போ வந்தான்.
மணிக்கட்டு பழைய அளவுக்குப் பின்னால் மடங்கவில்லை.
விளிம்பைத் தொடுவதற்கு ஒரு மயிரிழை முன்பே
குச்சி தோலைத் தொட்டது.
தாழ்ந்த, தடித்த, சற்றே பிந்திய சத்தம்,
கம்பளியில் சுற்றிய கோடரி.
ஹெட்போனைக் கழற்றி
“இது யார்?” என்று கேட்டான்.

தோலை இறுக்கினோம்.
என் பணப்பையை ஸ்னேர் மேல் வைத்தோம், எடுத்தோம்.
குச்சியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்.
நான் குமிழ்களைத் திருகித் திருகி
அக்டோபரைத் தேடினேன்.
அவனுக்கு முன்கையில் வீக்கம் ஏற
உறைந்த பட்டாணிப் பாக்கெட்டைத் துண்டில் வைத்துக் கட்டினோம்.
முப்பத்தெட்டாவது முறை
பட்டாணி பிய்த்துக்கொண்டு
டிரம்கள் மேல் கொட்டியது.
அதுவும் பதிவாகியிருக்கிறது.

அதுவரை வாய் திறக்காத சிர்க்கு
பேஸ் கிதாரை மடியில் திருப்பிக்கொண்டு
“அவன் பிந்தவில்லை,
நான்தான் முந்துகிறேன்” என்றாள்.
தன் விரல்களை அவன் கையின்
அந்த மயிரிழைக்குள் பின்னிழுத்தாள்.

அவ்வளவுதான் செய்தாள்.
பாட்டு நொண்டுவதை நிறுத்தியது என்று சொல்லமாட்டேன்,
நொண்டியபடியே நடந்தது,
எங்கே போகிறோம் என்று தெரிந்த ஒருவரைப் போல.

இரண்டையும் ஒட்டினேன், இரண்டு நிமிடம் பதினொரு நொடியில்.
கேட்பவர்களுக்குத் தெரியாது என்றார்கள் கம்பெனிக்காரர்கள்.
தெரியவில்லைதான்.

டயர் கடை வானொலியில் அது வரும்போது மட்டும்
இரண்டாம் சரணத்தின் நான்காம் அடியில்
இல்போ கையுறைக்குள் விரலை விட்டு
மணிக்கட்டை ஒருமுறை சொறிந்துகொள்கிறான்.
பிறகு அடுத்த நட்டு.